விரித்தது மூடிக்கொள்ளாமல் இருக்க

தண்ணீர் பாட்டிலில் இருந்த, கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தை இருட்டில் ஒரு வாய் குடித்துவிட்டேன். அதை அந்தப் பாட்டிலில் ஊற்றி வைத்தவனும் நானே என்பதால் யாரையும் திட்டக்கூட வழியில்லை.

புண் ஆறியது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. சில வாரங்களில் கவளம் நடுநெஞ்சில் நிற்கத் தொடங்கியது. அப்புறம் மாத்திரை நின்றது. ஒரு கட்டத்தில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அந்தத் திரவத்தின் அரிக்கும் காரம் பட்ட இடத்தில் தழும்பு வளர்ந்து, உணவுக்குழாய் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இறுகியிருந்தது.

எண்டோஸ்கோப் வழியாகப் பலூனைச் செலுத்தி ஊதி விரித்தார்கள். அன்று சாயங்காலம் தண்ணீர் மடமடவென்று இறங்கும். பத்தாம் நாள் பழையபடி நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக 5 தடவை விரித்தும் 14 மில்லிமீட்டர் அகலத்தை எட்டாவிட்டால் அது பிடிவாதமான சுருக்கம் என்று கணக்காம். என்னுடையது 11ஐத் தாண்டவில்லை. அடுத்த இரண்டு முறையும் சுருக்கத்தின் நாலு பக்கமும் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பத்து நாள் பதினெட்டு நாளானது, அவ்வளவுதான்.

"விரிக்கிறது பெரிய விஷயமில்ல. விரிக்கிறப்ப உள்ளே கிழியுது. உங்க உடம்பு உடனே ஓடிவந்து தச்சிடுது. அந்தத் தையல்காரனைக் கொஞ்ச நாள் தூங்க வைக்கணும்" என்றார் டாக்டர்.

தையல்காரன் என்றது ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை. தழும்புக்கான நாரைச் சுரப்பவை அவைதான். தூங்க வைக்கும் மருந்து மைட்டோமைசின் சி. வீட்டுக்கு வந்து தேடினால், புற்றுநோய் மருந்து என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. மறுநாள் போய்க் கேட்டேன். இது நரம்பில் ஏற்றுவதில்லை, விரித்த இடத்தில் மட்டும் தடவுவது, கண்ணில் வளரும் சதையை அகற்றும்போதும் கண் அழுத்த அறுவையிலும்கூட இதையே தழும்பைத் தடுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று விளக்கினார். காரம் விழுங்கிய குழந்தைகள் 40 பேரிடம் எகிப்தில் நடந்த, 2013இல் வெளியான ஆய்வையும் சொன்னார். மருந்து தடவியவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சுருக்கம் தீர்ந்தது, வெறும் திரவம் தடவியவர்களில் 35 சதவீதம் பேருக்கு. சுருக்கம் குட்டையாக இருந்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. என் ஒன்றரை சென்டிமீட்டர் முதல்முறையாக எனக்கு நல்ல செய்தியாகப்பட்டது.

மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் அந்த மருந்தைப் பார்த்தேன். சிரிஞ்சில் ஊதா நிறம், பேனா மை மாதிரி. அதைப் பிடித்திருந்த நர்ஸ் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டிருந்தார். கையுறை இல்லாமல் தொடக்கூடாத ஒன்று என் உள்ளே போகப்போகிறது என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மீதியெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது: முதலில் பலூன், பிறகு மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவில் கரைத்த மருந்தில் நனைத்த பஞ்சை, வேறெங்கும் படாமல் உறைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கிழிசல்மேல் ஐந்து நிமிடம் ஒற்றிவைத்திருக்கிறார்கள். கடைசியில் நீர் விட்டுக் கழுவினார்கள்.

இரண்டு நாள் நெஞ்சு எரிந்தது. கடும் நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம், உடனே ஓடிவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்லவேளை, எதுவும் வரவில்லை.

விழுங்குவது நிற்கும் நாளுக்குக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவந்தேன். பதினெட்டு நாள் தாண்டியது. முப்பத்தொன்றாம் நாள் லேசாக நின்றது; மறுபடி பலூன், மறுபடி ஊதா மருந்து. அதற்கப்புறம் வட்டம் போட்டு ஐந்து மாதமாகிறது.

அதற்காக டாக்டர் என்னை விட்டுவிடவில்லை. மருந்தின் நீண்டகால விளைவு ஒருபக்கம், காரத்தால் வெந்த குழாயில் பல வருஷம் கழித்தும் புற்று வரக்கூடும் என்பது மறுபக்கம். அதனால் அவ்வப்போது எண்டோஸ்கோபி உண்டு. மாத்திரையை முழுசாகவே விழுங்கலாம் என்கிறார். மூளைக்குப் புரிகிறது, கைதான் இன்னும் பாதியாக உடைக்கிறது.