60 கண்ணு, 34 பேர்: ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிற பசங்களுக்கு

எம்எஸ்சி ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிற பசங்க என்கிட்ட கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், ஐஎஸ்எஸ் (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் சர்வீஸ், மத்திய அரசோட புள்ளியியல் பணி) எக்ஸாம் எழுதலாமா இல்ல ஆர், பைத்தான் மாதிரி கம்ப்யூட்டர் மொழி கத்துக்கிட்டு வேலைக்குப் போயிடலாமான்னு. நான் ஐஎஸ்எஸ் ரெண்டு தடவ எழுதி, ரெண்டாவது தடவ இன்டர்வியூ வரைக்கும் போய் கிடைக்காம வந்தவன், இப்போ சில வருஷமா டேட்டா அனாலிசிஸ் கன்சல்டிங்தான் சோறு போடுது. அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதல்ல எக்ஸாம். நான் எழுதினப்போ ரிட்டன் 1000 மார்க், அதுல இங்கிலீஷ் 100, ஜிஎஸ் (பொது அறிவு) 100, மிச்ச 800 ஸ்டாடிஸ்டிக்ஸ் நாலு பேப்பர், அப்புறம் இன்டர்வியூ 200. நாலுல ரெண்டு அப்ஜெக்டிவ், ரெண்டு உக்காந்து எழுதணும். நான் பண்ண தப்பு என்னன்னா எஸ்டிமேஷன் தியரி ப்ரூஃப் எல்லாம் மனப்பாடமா வச்சுக்கிட்டு சாம்ப்ளிங்கையும் அஃபிஷியல் ஸ்டாடிஸ்டிக்ஸையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிட்டேன், அது வெறும் கதைதானே படிச்சுக்கலாம்னு. மார்க் ஷீட்ல அது நல்லாவே தெரிஞ்சுது.

ரெண்டாவது தடவ படிக்கும்போது சீனியர் ஒருத்தர் சொன்னாருன்னு பிஎல்எஃப்எஸ்ங்கற வேலைவாய்ப்பு சர்வேயோட யூனிட் லெவல் டேட்டாவ, அதாவது வீடு வீடா, ஆள் ஆளா இருக்கற பதிவ, டவுன்லோட் பண்ணினேன். 2017ல ஆரம்பிச்ச சர்வே அது, மத்திய புள்ளியியல் அமைச்சகம் சும்மாவே தருது. ஃபைலத் திறந்தா வெறும் நம்பரா ஓடுது, ஒரு கமா கூட இல்ல, எத்தனாவது இடத்துல இருந்து எத்தனாவது இடம் வரைக்கும் வயசு, எது ஸ்டேட் கோடுன்னு லேஅவுட் ஷீட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு வெட்டி எடுக்கணும். ஒரு வழியா எடுத்து வேலையில்லாதவங்க சதவீதம் போட்டா ரிப்போர்ட்ல இருக்கற நம்பர் வரவே மாட்டேங்குது. ரெண்டு நாள் போச்சு. அப்புறம்தான் கடைசியில மல்டிப்ளையர்னு, ஒவ்வொரு வரிசையையும் எத்தனால பெருக்கணும்னு சொல்ற ஒரு காலம் (நெடுவரிசை) இருக்கறதப் பாத்தேன், அதையும் அப்படியே போடக்கூடாது, சில வரிசைக்கு 100ஆல வகுக்கணும், சிலதுக்கு 200ஆல. இப்படி எடை போட்டுக் கணக்குப் பண்ற ஹார்விட்ஸ் தாம்ப்சன் எஸ்டிமேட்டர் அன்பயஸ்டுன்னு (சராசரியா சரியான விடையத்தான் தரும்னு) பத்து தடவ நிரூபிச்சவன் நான், ஆனா ஒரு வீடு தன்ன மாதிரி எத்தன வீட்டுக்கு சாட்சியா அந்த ஃபைல்ல உக்காந்திருக்குன்னு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு. அதனால ஐஎஸ்எஸ் எழுதினாலும் சரி எழுதாட்டியும் சரி, இந்த ஃபைல் ஒண்ண எடுத்து பப்ளிஷ் ஆன ஒரே ஒரு டேபிள திரும்பக் கொண்டு வந்து பாருங்க. எந்த ஆன்லைன் கோர்ஸும் இதுக்குக் கிட்ட வராது.

இப்ப கன்சல்டிங். நம்ம ஊர்ல தனியா உக்காந்து பண்றவங்களுக்கு பாதி வருமானம் எம்டி, எம்எஸ் தீசிஸ்தான். ஒரு கண் டாக்டர், ஃபைனல் இயர் பிஜி, எக்செல் ஷீட்டோட வந்தாங்க, ரெண்டு சொட்டு மருந்து கம்பேர் பண்ற ஸ்டடி, "சாம்பிள் 60 சார், டி டெஸ்ட் போட்டுக் குடுங்க, வியாழக்கிழமை சப்மிஷன்" அப்படின்னாங்க. டி டெஸ்ட்னா ரெண்டு குரூப்போட சராசரிய ஒப்பிடற டெஸ்ட். ஷீட்ட கீழ ஓட்டிப் பாத்தா ஒரே ஓபி நம்பர் ரெண்டு ரெண்டு தடவ வருது.

"டாக்டர், இது 60 பேரா?"

"60 கண்ணு சார்."

"பேஷன்ட் எத்தன பேரு?"

கொஞ்ச நேரம் எண்ணிட்டு 34ன்னாங்க. 26 பேருக்கு ரெண்டு கண்ணு, 8 பேருக்கு ஒண்ணு. ஒருத்தருக்கு ரெண்டு கண்ணுலயும் ஒரே மருந்துதான், வலது கண்ணுல பிரஷர் இறங்கினா இடதுலயும் இறங்கத்தான் போகுது, ஒரே உடம்பு, அது ரெண்டு தனித்தனி சாட்சி இல்ல. 60ன்னு போட்டா ஸ்டாண்டர்ட் எரர் (நம்ம சராசரி எவ்ளோ தள்ளாடும்ங்கற அளவு) இருக்கறத விடச் சின்னதாத் தெரியும், பி வேல்யூ (மருந்துல வித்தியாசமே இல்லாட்டியும் இவ்ளோ வித்தியாசம் தற்செயலா வர வாய்ப்பு, 0.05க்குக் கீழ வந்தாதான் சிக்னிஃபிகன்ட்னு சொல்லுவாங்க) அழகா வரும், ஆனா பொய்யா வரும். பேஷன்ட ரேண்டம் எஃபெக்டா வச்சு மிக்ஸ்ட் மாடல் போட்டோம், அதாவது ஒரே ஆளோட ரெண்டு கண்ணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினதுன்னு கணக்குல எடுத்துக்கற முறை, பி 0.05க்கு மேல போயிடுச்சு. டாக்டர் முகம் விழுந்துடுச்சு, எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனா அப்படியேதான் எழுதிக் குடுத்தேன். கைடு என்னமோ சொல்லப் போறார்னு பயந்தாங்க, அவர் ஒண்ணும் கேக்கல.

இன்டிபென்டன்ட்னு ஒரு வார்த்தைய எக்ஸாம்ல ஆயிரம் தடவ எழுதியிருப்போம். கொஸ்டின் பேப்பர்லயே "சார்பற்ற மாதிரிகள்"னு குடுத்துடுவான், அது உண்மையான்னு யாரும் நம்மள கேக்கறதில்ல. வேலையில கேக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

அடுத்து சாம்பிள் சைஸ். 4பிக்யூ பை டி ஸ்கொயர்னு ஒரு ஃபார்முலா, மெடிக்கல் காலேஜ்ல எல்லாருக்கும் தெரியும். இங்க பின்னா நாம அளக்கப் போற சதவீதம் (பி வேல்யூ இல்ல), க்யூன்னா 100ல மிச்சம், டின்னா விடை எவ்ளோ முன்ன பின்ன போகலாம்ங்கறது. பி 20 சதவீதம், டி 5ன்னா 256 பேர் வேணும். பிஜிக்கு அவ்ளோ கேஸ் கிடைக்காது, உடனே டிய 10 ஆக்கிடுவாங்க, 64 ஆயிடும். கணக்கு தப்பே இல்ல. ஆனா 20 சதவீதம்னு ஒண்ண அளக்கப் போய் அது 10ல இருந்து 30 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு சொல்றதுக்கு ஒன்றரை வருஷம் எதுக்குன்னு நான் கேப்பேன். சில பேருக்கு இது பிடிக்காது. அதுலயும் இந்த ஃபார்முலா ஒரு சதவீதத்த அளக்கத்தான், ரெண்டு குரூப் கம்பேரிசனுக்கு இதத் தூக்கிட்டு வர்றவங்கள தினமும் பாக்கறேன்.

1938ல கல்கத்தாவுல நடந்த இந்திய புள்ளியியல் மாநாட்டுல நவீன புள்ளியியலுக்கு அடித்தளம் போட்ட ஃபிஷரே சொல்லிட்டார், சோதனை முடிஞ்சப்புறம் புள்ளியியல்காரன கூப்பிடறது போஸ்ட்மார்ட்டம் பண்ணக் கூப்பிடற மாதிரி, எதனால செத்துச்சுன்னு வேணா சொல்லுவான்னு. இத்தன வருஷம் கழிச்சும் எனக்கு வர்ற கேஸ்ல முக்காவாசி பாடிதான்.

டேட்டா க்ளீனிங் பத்தி சிலபஸ்ல ஒரு வரி கிடையாது, ஆனா என் நேரத்துல பெரும்பகுதி அங்கதான் போகுது. 120/80ன்னு ஒரே செல்ல பிபி இருக்கும், ஹீமோகுளோபின் 112ன்னு இருக்கும், புள்ளி விட்டுப்போச்சு. ஒருத்தர் ஏஜ் குரூப் 5-9ன்னு டைப் பண்ணியிருக்கார், எக்செல் அத செப்டம்பர் 5 ஆக்கிடுச்சு, ஆசிரியர் தினம்! சிரிக்காதீங்க, இதே தொல்லையால செப்ட்1, மார்ச்1 மாதிரி மனுஷ ஜீன்களோட பேரையே 2020ல மாத்த வேண்டியதாப் போச்சு. டெஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு படம் வரைஞ்சுடுங்க. ஏன்னு தெரியணும்னா ஆர்ல அன்ஸ்கோம்ப்னு ஒரு டேட்டா கூடவே வருது, 1973ல அன்ஸ்கோம்ப்ங்கற புள்ளியியலாளர் உண்டாக்கினது, நாலு செட், நாலுலயும் எக்ஸ் சராசரி 9, ஒய் 7.5, கோரிலேஷன் (எக்ஸும் ஒய்யும் எவ்ளோ சேர்ந்து நகருதுங்கற அளவு) 0.82 கிட்ட. நாலையும் ப்ளாட் பண்ணிப் பாருங்க, நான் சொல்ல மாட்டேன்.

"பி வேல்யூவ 0.05க்குக் கீழ கொண்டு வந்துடுங்க சார், ஃபீஸ் பாத்துக்கலாம்"னு கேக்கறவங்களும் வருவாங்க. உண்மையில வித்தியாசமே இல்லாத விஷயத்துல தனித்தனியா 20 டெஸ்ட் போட்டா ஒண்ணாவது தற்செயலா சிக்னிஃபிகன்ட் வர 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு, அதனால இது கஷ்டமான வேலையே இல்ல, அதான் ஆபத்து. நான் ஆரம்பத்துலயே எந்த அவுட்கம், எந்த டெஸ்ட்னு ஒரு பேப்பர்ல எழுதி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிடறேன், பாதி ஃபீஸும் அப்பவே. மீதி பாதி ரிப்போர்ட் குடுக்கறதுக்கு முன்னாடி, அதுக்கப்புறம் கேட்டா ஃபோன் எடுக்க மாட்டாங்க.