பாசமும் பாசியும்

"தொட்டிக்குள்ள தேத்தண்ணி ஊத்தினது ஆரு?" என்று மாமி கேட்டபோது என் கடல்மீன் தொட்டிக்கு வயது மூன்று வாரம்.

யாரும் ஊற்றவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்த மணல் இரண்டே நாளில் சாயம் கூடின தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடியிலும் அதே மண்ணிறத் தூசு. விரலால் தடவினால் போய்விடுகிறது. சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் ஏழு நிமிடம். அப்படியிருக்க வீட்டுக்குள்ளும் ஒரு கடல் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. "கடல் அங்க சும்மாதானே கிடக்கு, போய்ப் பார்த்திட்டு வாங்களன்" என்றாள் மனைவி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாததால் மூன்றடித் தொட்டி ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். கிட்டத்தட்ட 190 லீற்றர் பிடிக்கும்.

முருகைக்கல்லைக் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் செயற்கைக் கல் வாங்கினேன். அதுவரைக்கும் நல்ல பிள்ளை. தண்ணீரில்தான் புத்தி கெட்டது. கடைக்காரர் கடல்நீர் கலக்கும் உப்பின் விலையைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மட்டக்களப்பானுக்கு உப்புத் தண்ணீர் விற்கிறாரே மனுசன்! நண்பனின் பட்டா என்கிற சின்ன லொறியில் பத்து கான்களை ஏற்றிக்கொண்டு பாலமீன்மடுவுக்குப் போனோம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வாகனம் தண்ணீரை ஒட்டியே போகும், தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. மார்கழி மழை விட்டு இரண்டு நாள். வாவி வெள்ளம் முகத்துவாரத்தால் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். "மண் அடியில இறங்கிடும் மச்சான்" என்று நானே அவனுக்குத் தைரியம் சொன்னேன்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. மீனின் கழிவில் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் முதலில் குடிவர வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவற்றுக்குத் தீனியாக ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுவது பழைய முறை. போட்டேன். ஒரு வாரத்துக்கு மண்டபத்தில் யாரும் உட்காரவில்லை, பக்கத்து வீட்டுப் பூனை ஒன்றைத் தவிர. "இறால் விக்கிற விலைக்கு அதை அழுகப் போட்டு அழகு பாக்கிறாரே" என்று மாமி குசினிக்குள் இருந்து சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னது.

சரி, தேத்தண்ணிக்கு வருவோம். அது டயற்றம். நுண்ணிய ஒரு பாசி, சிலிக்காவில் ஓடு கட்டிக்கொள்வது. புதுத் தொட்டிகளில் இது வழமையாக வரும், தண்ணீரில் உள்ள சிலிக்கேற்றுத் தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். கடைக்காரரும் "பொறுங்க" என்றார். பொறுத்தேன், போய்விட்டது. வெற்றிக் களிப்பில் இரண்டு கோமாளி மீன்களை வாங்கி வந்தேன். கூத்துக்காரர் குடும்பம் என்பதால் மாமி அவற்றுக்கு அல்லி, அருச்சுனன் என்று பேர் வைத்தார். பெரியதுதான் அல்லி. இந்த மீனில் எல்லாமே ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். வீட்டு நிலவரத்துக்குப் பொருத்தமான மீன்.

பிரச்சினை எங்கள் உபசரிப்பில் ஆரம்பித்தது. மகனுக்குப் பள்ளி விடுமுறை. காலையில் அவன் போடுவான். அவன் போட்டது தெரியாமல் மனைவி போடுவாள். மாமி போகவரப் "பாவம், வாயத் திறந்திட்டு வருதுகள்" என்று ஒரு சிட்டிகை. இரவு நான். பெருவிரல் அளவுகூட இல்லாத இரண்டு மீனுக்கு ஒரு நாளைக்குப் பத்து நேரச் சாப்பாடு.

இரண்டு வாரத்தில் மணலின் மேல் ஒரு சிவப்புப் பாய் விரிந்தது. கடுஞ்சிவப்பு, வெல்வெற்றுத் துணி மாதிரி, அங்கங்கே முத்து முத்தாகக் காற்றுக் குமிழி. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். "இந்தச் சிவப்பு எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று ஒரு சித்தி கேட்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

அது பாசியே இல்லை. சயனோபற்றீரியா, ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா. குமிழிகள் அது விடும் ஒட்சிசன். பாலாடை போல உரிந்து வருவதுதான் அடையாளம், கிட்ட மூக்கை வைத்தால் இன்னொரு அடையாளமும் உண்டு. மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றார்கள். வாயால் உறிஞ்சித் தொடங்கினேன். அடுத்து நடந்ததை எழுதப் போவதில்லை.

மூன்று நாள் வெளிச்சமே காட்டாமல் மூடி வைத்தால் அது அடங்கும் என்பதால் தொட்டியைக் கறுத்தப் பெட்சீற்றால் சுற்றினேன். அடுத்த நாள் முன்வீட்டு அக்கா வந்தார். மூடிக்கிடந்த தொட்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "என்னகா, மீனுக்கு அம்மாள் வருத்தமா?" என்றார். நான் வேலையால் வந்து பார்க்கையில் பெட்சீற்றில் மாமி ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தார். மூன்றாம் நாள் திறந்தபோது சிவப்புப் பாய் காணாமல் போயிருந்தது. யாருக்குப் பெயர் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுகா வந்தது பச்சை முடி. கல்லெல்லாம் பாசி தலைமுடி போல நீண்டு ஆடியது. பழைய பல்துலக்கியில் சுற்றிப் பிடுங்கினேன். பிடுங்கின இடத்தில் இரண்டு மடங்கு வந்தது. நத்தை மேயும் என்று கேள்விப்பட்டு, கடைக்குப் போக மனமில்லாமல், அலை அடிக்கும் கல்லில் இருந்து பத்து நத்தை பொறுக்கி வந்து விட்டேன். அவை அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்பவை; எந்நேரமும் தண்ணீருக்குள் இருக்கப் பிறந்தவை அல்ல. இரவோடு இரவாகச் சுவரேறிவிட்டன. ஒன்றைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் எடுத்தோம். ஒன்றை மாமியின் செருப்புக்குள் மாமியே எடுத்தார், காலால்.

இந்த நேரத்தில்தான் வாவிக்கு அந்தப் பக்கம், வயல் பக்கமான படுவான்கரையில் இருந்து மாமா வந்தார், அறுவடை முடிந்து ஒரு மூடை புது அரிசியோடு. தொட்டியின் முன்னால் குந்தி, வரம்பில் இருந்து வயலைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி எங்கால அள்ளினது?"

"முகத்துவாரத்தில, மாமா. மார்கழி மழையோட."

மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "மருமகன், அந்த மழைக்கு முன்னுக்குத்தான் நான் வயலுக்கு உரம் எறிஞ்சன். பாதி வெள்ளத்தோட வாவிக்கு இறங்கிட்டு. வாவித் தண்ணி முகத்துவாரத்தால கடலுக்கு. அத நீங்க கானில அள்ளி வந்து வீட்டுக்க வெச்சிரிக்கீங்க. வாவியில ஆற்றுவாழை எதைத் திண்டு வளருதோ, அதைத்தான் இதுவும் திண்ணுது."

அன்றிரவே சோதித்தேன். நைத்திரேற்றுக் குழாயின் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தில் நின்றது. உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.019. கடல் என்று நான் அள்ளியதில் வாவியும் கலந்திருந்தது. இதில் மாமாவின் உரத்துக்கு எவ்வளவு பங்கு, எங்கள் பத்து நேரப் பாசத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. பாசிக்கு இரண்டும் சாப்பாடுதான்.

எந்த உப்பைப் பார்த்துச் சிரித்தேனோ அதையே போய் வாங்கினேன். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து வாரம் 20 லீற்றர் மாற்றினேன். விளக்கைப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இருந்து ஏழாகக் குறைத்தேன். மீன் சாப்பாட்டு டப்பா அலுமாரிக்குள் போனது, சாவி என்னிடம். மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பச்சை முடி கொட்டத் தொடங்க ஒன்றரை மாதம் ஆனது.

பிறகு ஒரு பூ வந்தது. கல்லின் இடுக்கில் மண்ணிறக் கண்ணாடி போல, சுற்றிலும் இதழோடு. தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மனைவி முதல்முறையாக இந்தத் தொட்டியை மெச்சினாள். அது பூ இல்லை, ஐப்டேசியா என்கிற கடற்சாமந்தி இனப் பிராணி; தொட்டிக்கு அது களை மாதிரி. நான் பொறுக்கின நத்தையின் முதுகில் ஏறி வந்திருக்க வேண்டும். பிளேட்டால் வெட்டினேன். பத்து நாளில் ஆறு பூ. அறுந்த துண்டுகூட முளைக்குமாம்.

"கோரைக்கிழங்கை மண்வெட்டியால கொத்தின மாதிரி" என்றார் மாமா தொலைபேசியில். "கொத்தக் கூடாது, எரிக்கணும்."

எரிக்க ஆட்கள் பாவிப்பது கல்சியம் ஐதரொட்சைட்டுக் குழம்பு. அதை எங்கே வாங்குவது என்று நான் தேடிக்கொண்டிருக்க, அடுத்த கிழமை வந்த மாமா வெற்றிலை வட்டாவைத் திறந்தார். அதற்குள் இருந்தது அதேதான்: சுண்ணாம்பு. தண்ணீர் விட்டுக் குழைத்து ஊசியில்லாத சிறிஞ்சில் எடுத்தோம். பம்பை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பூ மட்டும். கூடப் போட்டால் தண்ணீரின் பி.எச். எகிறி அல்லியும் அருச்சுனனும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மாமா பூவின் வாயில் சொட்டு விட்டார். சுருங்கியது, விரியவில்லை.

போன வாரம் கல்லில் ஊதா கலந்த சிவப்பில் சின்னச் சின்னப் பொட்டுகள் கண்டேன். இது நல்ல பாசி, கல்லாக இறுகிப் படர்வது, தொட்டி நிலைக்கு வந்ததற்கு அடையாளம். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மாமி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"சத்தியமா நான் துப்பல்ல" என்றார் மாமா.