1,76,000 கோடியும் எங்கள் பேப்பர் கடையும்

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம், விவரமான பையன். டி.வி.யில் யாரோ ஒரு அரசியல்வாதி வீட்டில் நடக்கும் ரெய்டைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் திருடங்கதான் மாமா, இதைப் போய்ப் பார்த்துட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை வாங்கி சேனலை மாற்றினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாயங்காலம் மழை வரும்போல என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். அவன் சொன்ன விதம் ஒரு வாரமாக மனசை விட்டுப் போகவில்லை.

எங்கள் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பேப்பர் ஏஜென்டாக இருந்தவர். கோவில்பட்டிப் பக்கம் சின்ன ஊர். காலை நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் பண்டல் இறங்கும். கயிற்றை அறுத்து, எண்ணிப் பார்த்து, இணைப்பைச் செருகி, லைன் லைனாகப் பிரித்துப் பையன்களிடம் கொடுத்து முடிக்கும்போது வெளிச்சம் வந்திருக்கும். இணைப்பு செருகுவது என் வேலை. அதனால் எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர் என்பது எனக்கு மனப்பாடம், பேப்பரை வைத்தே எந்த வீடு எந்தக் கட்சி என்றும் சொல்லிவிடுவேன். தி.மு.க.வின் முரசொலி ஏழெட்டுப் பிரதி வரும், அ.தி.மு.க.வின் நமது எம்.ஜி.ஆர். அதைவிட ஒன்றிரண்டு கூடவோ குறையவோ வரும், அது ஆட்சியைப் பொறுத்தது. முரசொலி வாங்குபவர் அதில் வருவதெல்லாம் அப்படியே உண்மை என்று நினைத்து வாங்கவில்லை. தன் ஆட்கள் இன்று என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாங்கினார். அது ஒரு கணக்கு, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கட்சிப் பத்திரிகை என்று முகப்பிலேயே தெரிகிறதே.

அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. நெருக்கடி நிலை நேரம். 1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள், கட்சிக்காரர்களை, விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் கொத்துக் கொத்தாகப் பிடித்து உள்ளே போட்டார்கள். தணிக்கை இருந்ததால் யாரைப் பிடித்தார்கள் என்று எந்தப் பேப்பரும் போட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. வெறும் பெயர்கள்தான். படித்தவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது, இவர்கள்தான் சிறையில் இருப்பவர்கள் என்று. அப்பா காங்கிரஸ் அனுதாபி, முரசொலியில் வரும் ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டார். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் நம்பினேன் என்று சொல்வார். ஏன் என்று கேட்டால், "பேர் போட்டிருந்தாம்ல, பேரைப் பொய்யாப் போட முடியாதுல்ல" என்பார்.

இதை நான் ரொம்ப நாள் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். 2ஜி ஊழல் விவகாரம் வந்த பிறகுதான் அப்பா சொன்னதன் கனம் புரிந்தது.

2010 நவம்பர். மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா ராஜினாமா செய்கிறார், இரண்டு நாள் கழித்து, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. கடை வாசலில் கம்பியில் தொங்கவிடும் போஸ்டர்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்: 1,76,000 கோடி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்பெக்ட்ரம் என்றால் என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த எண் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில் அதே பேச்சு. அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எத்தனை சைபர் என்று எண்ணிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் வீட்டில் அவ்வளவு பணமும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பதுபோலத்தான் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டது.

சி.ஏ.ஜி. அப்படிச் சொல்லவே இல்லை. 2008-ல் செல்போன் கம்பெனிகளுக்கான 122 லைசென்ஸ்களை அலைவரிசையோடு (அதுதான் ஸ்பெக்ட்ரம்) 2001-ஆம் வருஷ விலைக்கே கொடுத்துவிட்டார்கள், நாடு முழுக்கச் செல்லுபடியாகும் லைசென்ஸ் 1,658 கோடி. முறையாக விற்றிருந்தால் அரசுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று பல வழிகளில் அனுமானித்திருந்தார்கள். ஒரு வழியில் சுமார் 57,000 கோடி, இன்னொன்றில் 67,000 கோடி சொச்சம், 2010-ல் நடந்த 3ஜி ஏல விலையை வைத்துப் பார்த்தால் 1,76,000 கோடி சொச்சம். இது அரசுக்கு வராமல் போனதாக மதிப்பிட்ட தொகை. யாரோ எடுத்து மடியில் கட்டிக்கொண்ட தொகை கிடையாது. பிறகு சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இழப்பு என்று சொன்னது 30,984 கோடி. லஞ்சம் என்று குற்றம் சாட்டியது கலைஞர் டி.வி.க்குப் போனதாகச் சொல்லப்பட்ட 200 கோடி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த எண்களைப் பிரித்து, இது இழப்பு, இது அனுமானம், இது லஞ்சப் புகார் என்று எங்கள் ஊர் வாசகனுக்குப் புரிகிற மாதிரி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. கையில் வந்த எல்லாப் பேப்பரையும் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஏழாம் பக்கத்தில் வந்திருக்கலாம். போஸ்டரில் வந்தது பெரிய எண்தான்.

உண்மையில் விஷயம் சின்னச் சின்னத் தகவல்களில்தான் இருந்தது. விண்ணப்பம் 2007 அக்டோபர் 1 வரை வாங்குவதாக அறிவித்துவிட்டு, செப்டம்பர் 25-க்குள் வந்ததை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். 2008 ஜனவரி 10-ஆம் தேதி அறிவிப்பு வந்த சில மணி நேரத்துக்குள் கோடிக்கணக்கான ரூபாய்க்கு டிராஃப்டுடன் வந்து நிற்க வேண்டும் என்று ஆனது. முன்கூட்டியே தகவல் தெரியாதவனால் அப்படி வந்து நிற்க முடியுமா? இதைப் படித்தால் ஒரு சாதாரண ஆளுக்குக்கூட எங்கே கோணல் என்று தெரிந்துவிடும். நகராட்சிக் கடை ஏலத்தில் நம் ஊரிலேயே இதைப் பார்த்திருக்கிறோம், டெண்டர் நோட்டீஸை யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வேலைதான். ஆனால் தேதிகள் போஸ்டரில் வராது.

2011 சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. 23 இடத்தில் வந்து நின்றது. மின்வெட்டும் குடும்ப ஆதிக்கமும் சேர்ந்து தோற்கடித்தன என்றாலும் அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு, அதைக் கண்ணால் பார்த்தேன். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸையும் ரத்து செய்தது, கொடுத்த முறையே சட்டவிரோதம், தன்னிச்சையானது என்று. அப்புறம் 2017 டிசம்பர் 21, டெல்லி சிறப்பு நீதிமன்றம் ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுவித்தது. ஏழு வருஷமாக, கோடை விடுமுறையில்கூட, ஏற்கத்தக்க சாட்சியத்தோடு யாராவது வருவார்களா என்று உட்கார்ந்து காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை என்று நீதிபதி ஓ.பி. சைனி தீர்ப்பிலேயே எழுதினார். வதந்தியும் ஊகமும் உண்டாக்கிய பொது அபிப்பிராயத்தின் பின்னால்தான் எல்லோரும் போனார்கள் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை கடையில் நடந்த பேச்சை நான் மறக்க மாட்டேன். ஒருவர், "பார்த்தீங்களா, மொத்தமும் கட்டுக்கதை" என்றார். இன்னொருவர், "ஜட்ஜை வாங்கிட்டாங்க" என்றார். இரண்டு பேரும் வேறு வேறு பேப்பர் படிப்பவர்கள். லைசென்ஸ் கொடுத்த முறை தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை, லஞ்சக் குற்றத்தை அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை என்று கீழ்க்கோர்ட் சொன்னதும் உண்மை, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது ஒரு பக்கச் செய்தியில் விளக்கிவிடக்கூடிய விஷயம். ஆனால் தி.மு.க. பக்கம் சாய்ந்தவர்கள் 2017-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள், எதிர்ப்பக்கம் 2012-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. விடுதலையை எதிர்த்து சி.பி.ஐ. போட்ட அப்பீல் மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றதே 2024 மார்ச்சில்தான். அது வந்தபோது எங்கள் ஊரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏழு வருஷத்தில் அந்த எண் மக்களிடம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்திருந்தது. அரசியல்வாதியையும் நம்பாதே, கோர்ட்டையும் நம்பாதே, பேப்பரையும் நம்பாதே.

பேப்பரை நம்பாததற்கு இன்னொரு வலுவான காரணமும் 2017 தீர்ப்புக்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது. 2016 செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து டிசம்பர் 5 வரை 75 நாள். என் அனுபவத்தில் எங்கள் கடையில் அவ்வளவு பேப்பர் எப்போதும் விற்றதில்லை. ஒரே ஆள் மூன்று பேப்பர் வாங்குவார், வாங்கிவிட்டு அப்பாவிடம் கேட்பார், "அண்ணாச்சி, உண்மையிலே எப்படி இருக்காங்க?" பேப்பர் விற்பவரிடம் போய் உண்மையைக் கேட்கிறார்கள்! உடல்நிலை தேறி வருகிறது, உணவு உட்கொண்டார், நன்றாகப் பேசுகிறார் என்று கட்சிக்காரர்கள் சொன்னது அப்படியே அச்சாகி வந்தது. ஒரு படம் கிடையாது. முகநூலில் வதந்தி எழுதினார்கள் என்று ஆட்களைக் கைது செய்தார்கள். டிசம்பர் 5 சாயங்காலம் சில சேனல்கள் இறந்துவிட்டதாகச் சொல்லி, பிறகு மறுத்து, நடு ராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் இறந்த நேரத்தை அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். 2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரைக் கூட்டத்தில் பேசும்போது, அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று மேடையிலேயே சொன்னார். அமைச்சராவது மன்னிப்புக் கேட்டார். அதை அச்சடித்தவர்கள், நாங்கள் சரிபார்க்காமல் போட்டுவிட்டோம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் பண்டல் பிரித்துக் கொடுத்த பேப்பர் எதிலும் அப்படி ஒரு வரியைப் பார்க்கவில்லை. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு செய்தி போடும் விவகாரம் தனி. 2009 தேர்தல்களில் வேட்பாளர்களிடம் காசு வாங்கி விளம்பரத்தைச் செய்தியாகவே போட்டார்கள் என்று பெரிய புகார் கிளம்பியது. பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் கொண்ட துணைக்குழு போட்டது, அவர்கள் பத்திரிகைகளின் பெயர் சொல்லி 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சில் பெயர்களை எடுத்துவிட்டு ஒரு சுருக்கத்தை மட்டும் 2010-ல் வெளியிட்டது. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான், 2011-ல் முழு அறிக்கையும் வெளியே வந்தது. இங்கேயும் பாருங்கள், முதலில் எடுத்தது பெயரைத்தான்.

இப்போது எங்கள் ஊர் நிருபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகுதி நேர நிருபர், மாதச் சம்பளம் கிடையாது, அச்சாகும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அதோடு விளம்பரமும் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கிழக்குத் தெருவில் கட்டாத ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் கட்டியதாகப் பில் போட்டுப் பணம் எடுத்துவிட்டார்கள். அவர் தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டு, பில் தேதி, தொகை, கான்ட்ராக்டர் பெயர், கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவி எல்லாவற்றையும் வாங்கி, காலி இடத்தின் படத்தோடு அனுப்பினார். உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக வந்தது, அவ்வளவுதான். அன்று ஒருவரும் எல்லாரும் திருடன் என்று சொல்லவில்லை. இன்னார், இந்தத் தேதியில், இவ்வளவு என்றுதான் பேசினார்கள். கிழக்குத் தெருப் பெண்கள் அந்தப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்று மாதத்தில் தொட்டி வந்தது. இன்றும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

எல்லாரும் திருடன் என்பது திருடனுக்கு வசதியான பேச்சு, அதில் அவன் பெயர் வராது. நான் மருமகனிடம் இதைத்தான் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ரிப்போர்ட்டர் இப்ப என்ன பண்றார் மாமா?" என்று கேட்டான்.

அவருக்கு அந்தச் செய்திக்குப் பிறகு விளம்பரம் தருபவர்கள் குறைந்தார்கள். கான்ட்ராக்டரும் கவுன்சிலர்களும்தானே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து விளம்பரம் கொடுப்பவர்கள். விளம்பர இலக்கை எட்டவில்லை என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. இரண்டு வருஷம் சமாளித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது இன்ஷூரன்ஸ் பிடிக்கிறார், அப்பாவைப் பார்க்க எப்போதாவது வருவார். அவருக்குப் பதில் வந்தவர் ஐந்து ஊர்களைச் சேர்த்துப் பார்க்கிறார். எங்கள் ஊர் பெயர் பேப்பரில் வருவது கொடை விழாவுக்கும் விபத்துக்கும்தான். மேற்குத் தெருவில் போன வருஷம் போட்டதாகச் சொல்லும் வாய்க்கால் எங்கே என்று கேட்டு எழுத ஆள் இல்லை.