பிறர் நம்பிக்கையும் நம் நாவடக்கமும்

எல்லாச் சமயத்தாரையும் மதிக்கச் சொல்லும் அசோகரின் 12-ஆம் பாறைக் கல்வெட்டு, அதற்கு அடிப்படையாக நாவடக்கத்தையே முன்வைக்கிறது. தன் சமயத்தைக் காரணமின்றிப் புகழ்வதும் பிறர் சமயத்தை இகழ்வதும் கூடாது என்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் தவறுவது இந்த இடத்தில்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். நோன்பிருப்பவரிடம் "தண்ணீர்கூடவா குடிக்க மாட்டீர்கள்?" என்று வியப்பதுபோல் கேட்பதிலும், துக்க வீட்டில் அவர்கள் செய்யும் சடங்கைப் பார்த்து அருகிலிருப்பவரிடம் கிசுகிசுப்பதிலும் உள்ள ஏளனம், உரியவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. உண்மையான ஆர்வத்தோடு கேட்பது வேறு. அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்தே விளக்குவார்கள். வழிபாட்டில் கலந்துகொள்ள விரும்பாதவரை, எந்த நம்பிக்கையும் இல்லாதவர் உட்பட, ஒருமுறை அழைத்ததோடு விட்டுவிட வேண்டும். நாம் வணங்காவிட்டாலும், பிறர் வணங்கி முடிக்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.