வஞ்சிரத்துக்கும் பசிக்கும்ல

காசிமேட்டுல விடியக்காலைல போய்ப் பாருங்க, ஒருபக்கம் வஞ்சிரம் ஏலம் போகும், பக்கத்துலயே விரல் நீளம்கூட இல்லாத சங்கராக் குஞ்சு, காரப்பொடின்னு குவிஞ்சு கிடக்கும், எல்லாம் தீவனத்துக்குப் போற கழிசல், மனசே ஆறல. இப்படி அள்றதால கடல்ல என்ன ஆகும்னு கணக்குப் போட எக்கோபாத்னு ஒரு கம்ப்யூட்டர் மாடல் இருக்கு, 1980கள்ல ஹவாய் பக்கத்து பவளப்பாறைக் கடலுக்காக பொலோவினாங்கிற மீன்வள விஞ்ஞானி ஆரம்பிச்சது. எந்த மீன் எதை எவ்ளோ திங்குது, நாம எவ்ளோ பிடிக்கிறோம், ரெண்டையும் ஒரே கணக்குல வெச்சுப் பாக்கும். அதுலருந்து அப்புறம் வந்த எக்கோசிம்ல, வஞ்சிரம் திங்கிற நெத்திலி, மத்தியை இப்படியே அள்ளிட்டிருந்தா பத்து வருஷத்துல வஞ்சிரம் என்னாகும்னு ஓட்டிப் பாக்கலாம். ஏப்ரல் 15லருந்து 61 நாள் மீன்பிடித் தடை நல்ல விஷயம்தான், ஆனா தடை முடிஞ்சதும் அதே சின்னக் கண்ணி வலையோட போனா என்ன பிரயோஜனம்? இந்தக் கணக்கை எடுத்துட்டுப் போய் படகுக்காரங்களோட உக்காந்து பேசணும், கண்ணி அளவை அவங்களையும் வெச்சுதான் முடிவு பண்ணணும்.