ஆச்சி, இளநீர் வேண்டாம்

அப்பச்சிக்குச் சிறுநீரகம் பழுதாகி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் இளநீர் இருக்கிறது. காரைக்குடி வெயிலுக்கு யாருக்கும் அப்படித்தான் தோன்றும், குறை சொல்ல முடியாது. ஆனால் சிறுநீர் சரியாகப் பிரியாத உடம்பில் அந்த இளநீரின் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி, ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும், பல சமயம் முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டாது. வாழைப்பழத்துக்கும் இதே கதைதான். சோடியம் குறைவு என்று கடையில் விற்கிற உப்பில்கூட பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

டயாலிசிஸ் என்றால் மெஷினையும் ஊசியையும் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு மெஷின் இல்லாத நாட்களில்தான் பயம். சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்யும். மெஷினோ வழக்கமாக வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம், மொத்தம் 12 மணிதான். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு சனி ஞாயிறு பெரிய இடைவெளி, அது முடிகிற நேரத்தில்தான் இதயக் கோளாறும் மரணமும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊர் விசேஷங்களும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தானே வருகின்றன!

விசேஷ வீட்டில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், உப்புக்கண்டம் என்று ஒரு கை பார்த்துவிட்டால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது, குடித்தது அத்தனையும் உடம்பிலேயே நிற்கும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். திங்கட்கிழமை அந்த 4 மணி நேரத்துக்குள் மொத்த நீரையும் இழுக்கும்போது பிரஷர் சரசரவென்று இறங்கி, கண் இருட்டி, வாந்தி வந்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழியை அதன் மேல் போடுகிறோம், பல நேரம் காரணம் முந்தின நாள் இலையில் இருந்திருக்கும். அதனால் தண்ணீரை அளக்கிறதை விட முதலில் உப்பைக் குறையுங்கள், தாகம் தானாக அடங்கும்.

அரிப்பும் பாடாய்ப் படுத்தும். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுவதும் அதற்கு ஒரு காரணம். அதைக் கட்டுப்படுத்தத் தருகிற மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் பலன். அப்புறம், டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று ஆளே துவண்டு கிடப்பார், நலம் விசாரிக்க வேறு நாள் வாருங்கள்.

டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்த்தால் கிர்ரென்று ஒரு அதிர்வு தெரியும். தெரியவில்லையா, அடைத்திருக்கலாம், அன்றைக்கே ஓடுங்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்திருப்பவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்கவைக்காதீர்கள், குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம்.

வயிற்று வழியாக வீட்டிலேயே செய்கிற டயாலிசிஸுக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் தருகிறார்கள். அதில் ஊசி இல்லை, அலைச்சலும் இல்லை, ஆனால் கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று. வெளியே வருகிற நீர் கலங்கலாக இருந்தால் அதைக் கொட்டிவிடாமல் பையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், பரிசோதனைக்கு அதுதான் தேவைப்படும்.