பதினொன்று பத்துக்கு உடைத்த குப்பி

ஜூன் 12, புதன்

போடி மலையடிவாரத்து முந்தல் அங்கன்வாடியில் தடுப்பூசி நாள். தாய்மார்களில் பாதிப் பேர் காலை ஆறு மணி ஜீப்பிலேயே ஏலக்காட்டுக்குப் போய்விட்டார்கள். தட்டம்மை-ரூபெல்லா குப்பியை 11.10க்கு உடைத்து, நேரத்தை அதன் மேலேயே எழுதினேன். ஒரே குழந்தை வந்தாலும் உடைக்கலாம். ஆனால் கலக்கிய பின் நான்கு மணி நேரம்தான்.

3.40க்கு ஒரு பெண் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பூப்பாறையில் அரைநாள் கூலியை விட்டு, மலையின் 17 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி வந்தவள். குப்பியில் மருந்து மிச்சமிருந்தது. முடியாது என்றேன். இரண்டாவது குப்பி நான் எடுத்துப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு குழந்தைக்குப் பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்க்கான தடுப்பூசி, போட்டேன். அது போன வாரம் திறந்த குப்பி. அவள் விடவில்லை: "போன வாரம் உடைச்சத போடுறீங்க, காலையில உடைச்சத வேணாங்கிறீங்க. என்னக்கா கணக்கு இது?"

ஜூன் 13

கணக்கு இருக்கிறது. பென்டாவேலன்ட்டில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் உண்டு, குளிர் கெடாமல் வைத்தால் 28 நாள் வரும். தட்டம்மை மருந்தில் அது கிடையாது. நேரம் தாண்டினால் குப்பிக்குள் கிருமி வளர்ந்து, ஊசியே குழந்தையைக் கொன்றுவிடலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது நான் பயிற்சியில் இருந்தேன். அதற்கப்புறம் ஊசி விஷயத்தில் எனக்கு 'அரை மணிதானே' கிடையாது.

சரி, ஆனால் காலை ஒன்பது முதல் நான்கு வரை என்பது மருந்து கேட்ட நேரமா? ஜீப்பில் போகிற ஊருக்கு அந்த நேரத்தைத் தாளில் எழுதியது நாம்தானே. டாக்டரிடம் கேட்டேன். "மாத்திப் பாரும்மா, எனக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

ஜூன் 19, புதன்

மாலை நாலரைக்கு, ஜீப்புகள் ஆள் இறக்கும் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது நல்ல அவசரம். ஆனாலும் ஐஸ் பேக்கை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்துவிட்டுத்தான் கேரியரில் அடுக்கினேன். பாறை போல உறைந்ததை வைத்தால் பென்டாவேலன்ட் உறைந்து கெட்டுவிடும். இந்த முறை தட்டம்மைக் குப்பி மூன்று.

போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். ஒரு ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன், என் காசில் இரண்டு டீ.

பதினோரு குழந்தைகள். மேலே மழையும் மூடுபனியும், கடைசி ஜீப் 6.20க்குத்தான் வந்தது. போன வாரத்துக்காரி இறங்கி, மாமியாரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நேராக வந்தாள். கையை நீட்டினாள், குழந்தைக்காக அல்ல. குப்பியை வாங்கி, நான் எழுதியிருந்த 5.05ஐப் பார்த்து, விரல்விட்டு எண்ணினாள்.

"ஒம்பது மணி வரைக்கும் இருக்குல்ல? போடுங்க."